எலக்ட்ரீஷியன் எப்படி ஒன்பது முறை உலக சாம்பியன் ஆனார்?

போன இதழில் பிரெஞ்சு ராலி கார்ப் பந்தய டிரைவர் செபாஸ்தியன் லோப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் இந்த வாரப் பக்கமே நிறைந்துவிட்டது.

கார்ப் பந்தயக்காரர்கள் எல்லாம் பால்குடி மறந்ததும் கோ-கார்ட்டில் ஏறிவிடுவார்கள் என்று படித்திருக்கிறேன். லோப் எலக்ட்ரீஷியனாக இருந்தார் என்கிறீர்களே, நிஜமா?
- ஈரோடு வாசகர்

நிஜம்தான். 1974-ல் பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில், ஜெர்மன் எல்லைக்குப் பக்கத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அவருக்குக் கார் அல்ல, ஜிம்னாஸ்டிக்ஸ்தான் உயிர், அதில் அந்த வட்டார சாம்பியனும் கூட. அப்புறம் எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போனார். இளம் டிரைவர்களைத் தேடிப் பிடிக்கும் ஒரு போட்டியில் 1995-லும் அடுத்த வருடமும் கலந்துகொண்டு, இரண்டு தடவையும் தேர்வாகாமல் வீட்டுக்கு வந்தார். ஆனால் அங்கே அவர் ஓட்டியதைப் பார்த்த உள்ளூர்க்காரர்கள் சிலர், இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று ஒரு காரை ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். 2001-ல் ஜூனியர் உலகப் பட்டம். அதே வருடம் இத்தாலியின் சான்ரெமோ ராலியில் பிரெஞ்சுக் கம்பெனியான சித்ரோனின் பெரிய காரைக் கொடுத்துப் பார்த்தால், மனிதர் இரண்டாவதாக வந்து நிற்கிறார். உலக ராலியில் முதல் வெற்றி 2002-ல், ஜெர்மனியில். அப்போது வயது 28.

எல்லாருக்கும் இப்படி அமையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்லாந்தின் கல்லே ரோவன்பெரா 2022-ல் உலக சாம்பியனானபோது அவருக்கு 22 வயது முடிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அப்பா ஹாரியே உலக ராலி வென்றவர். பையன் எட்டு வயதில் கார் ஓட்டும் வீடியோவை இன்றும் தேடிப் பார்க்கலாம்.

பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து ஏதோ படித்துக்கொண்டே வருகிறாரே, அவருக்கு என்ன வேலை? டிரைவருக்கு ரோடு தெரியாதா?
- திண்டுக்கல் வாசகி

இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். தெரியாது என்பதுதான் பதில், அல்லது தெரிந்தது போதாது. சர்க்யூட் பந்தயத்தில் ஒரே வளைவை ஐம்பது, அறுபது தடவை சுற்றுவார்கள். ராலியில் காட்டுக்குள்ளும் மலையிலும் போகிற சாதாரணச் சாலையை மூடிவிட்டு, ஒவ்வொரு காராக இடைவெளி விட்டு அனுப்பி, கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். போட்டிக்கு முன்னால் அந்தச் சாலையை அடக்கமான வேகத்தில் இரண்டே தடவை பார்க்க அனுமதி. முதல் தடவை டிரைவர் சொல்லச் சொல்ல பக்கத்தில் இருப்பவர் எழுதுவார், இரண்டாவது தடவை சரிபார்ப்பார்கள். 'நூறு மீட்டர், இடது நாலு, மேடு தாண்டியதும் வலது இரண்டு, இறுகும், உள்ளே வெட்டாதே' என்கிற மாதிரி இருக்கும் அந்த நோட்ஸ். எண் பெரிதாக இருந்தால் வேகமாகப் போகலாம், சின்னதாக இருந்தால் வளைவு முரடு என்பது பலருடைய கணக்கு. சிலர் தலைகீழாகவும் வைத்துக்கொள்வார்கள்.

போட்டி நாளில் மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குக் கண்ணால் தெரியாது. காதில் விழுகிற அந்த 'வலது இரண்டு' மட்டும்தான் கையில் இருக்கும். ஒரு நொடி முன்னால் சொன்னாலும் குழப்பம், ஒரு நொடி பின்னால் சொன்னால் மரம். அதனால்தான் தைரியசாலிகள் எல்லாம் ராலி டிரைவர் ஆகிவிடுவதில்லை என்கிறேன். சரியாக எழுதத் தெரிய வேண்டும், எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்டு நம்பத் தெரிய வேண்டும். லோபின் ஒன்பது பட்டங்களிலும் பக்கத்து சீட்டில் இருந்தவர் மொனாக்கோவைச் சேர்ந்த தானியேல் எலெனா. பட்டியலில் அவர் பெயரும் சமமாக நிற்கிறது, நாம்தான் பாதியை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. ஒரு கட்டம், அதாவது மூடிய சாலைத் துண்டு ஒன்று, முடிந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போது சாதாரணப் போக்குவரத்தில், சிக்னலுக்கு நின்று, வேக வரம்பை மதித்து ஓட்ட வேண்டும். வழியில் ஏதாவது உடைந்தால் மெக்கானிக் வர மாட்டார். காரில் இருக்கும் ஸ்பானரை எடுத்து இவர்கள் இருவரும்தான் குனிய வேண்டும்.

தொடர்ந்து ஒன்பது பட்டம் என்றால் நல்ல கார் கிடைத்ததுதானே காரணம்?
- நெல்லை வாசகர்

நல்ல கார் கிடைத்தது, மறுக்கவில்லை. 2004 முதல் 2012 வரை ஒன்பது, அத்தனையும் சித்ரோனில். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் பாருங்கள். 2002 மான்டி கார்லோ ராலியில் முதல் ஆளாக வந்தும், விதிக்குப் புறம்பாக டயர் மாற்றியதற்கு இரண்டு நிமிட அபராதம் விழுந்து வெற்றி டாம்மி மேக்கினனுக்குப் போனது. 2003-ல் கடைசி ராலியில் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நிறுவனத்துக்கான பட்டம் முக்கியம், ரிஸ்க் எடுக்காமல் ஓட்டு என்கிறது டீம். இவரும் அப்படியே ஓட்டினார். முடிவில் நார்வேயின் பெட்டர் சோல்பெர்க் 72 புள்ளி, லோப் 71. என்னைக் கேட்டால், ஒன்பது பட்டத்தையும் விட அந்த ஒரு புள்ளியில்தான் மனிதர் யார் என்று தெரிகிறது.

அடுத்த கூத்து 2006. சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டு கடைசி நாலு ராலிக்கும் போகவே இல்லை. முன்பே சேர்த்து வைத்திருந்த புள்ளிகளில் 112-க்கு 111 என்று மார்கஸ் குரோன்ஹோமை முந்தி, வீட்டிலிருந்தபடியே சாம்பியன் ஆனார்.

சம்பளம் எவ்வளவு வரும்?
- பெயர், ஊர் போடவில்லை

உச்சியில் காரும் கொடுத்து, சம்பளமும் கொடுத்து ஓட்டச் சொல்லும் சீட்டுகள், டொயோட்டா, ஹூண்டாய், ஃபோர்டு கார் ஓட்டும் எம்-ஸ்போர்ட் எல்லாம் சேர்த்துமே கொஞ்சம்தான். மற்ற பெரும்பாலோர் தன் காசையோ ஸ்பான்சர் காசையோ போட்டு ஓட்டுகிறவர்கள். எலக்ட்ரீஷியன் வேலையை அவசரப்பட்டு விடாதீர்கள்.

இவ்வளவு திறமைசாலி ஏன் ஃபார்முலா ஒன் பக்கம் போகவில்லை?
- மதுரை வாசகர்

போகப் பார்த்தார். 2008-ல் பார்சிலோனாவில் ரெட் புல் காரைச் சோதனை ஓட்டம் ஓட்டி 17 பேரில் எட்டாவது வேகம் காட்டினார். அடுத்த வருடம் அபுதாபியில் ஓட்ட ஆசைப்பட்டபோது சர்வதேச சம்மேளனம், ஃபார்முலா ஒன் ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸைத் தரவில்லை. சரி என்று வேறு மலையைத் தேடினார், நிஜமான மலை. அமெரிக்காவின் பைக்ஸ் பீக், 156 வளைவு, உச்சி 4,300 மீட்டர். 2013-ல் 8 நிமிடம் 13.878 விநாடியில் ஏறி, பழைய சாதனையை ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் தூக்கிப் போட்டார். டக்கார் பாலைவன ராலியில் மட்டும் மூன்று முறை இரண்டாமிடம் வந்திருக்கிறார், அந்த முதலிடம் இன்னும் போக்குக் காட்டுகிறது.

பெண்கள் ஜெயித்ததுண்டா?
- புதுச்சேரி வாசகி

பிரான்ஸின் மிஷெல் மூத்தோன் 1981-ல் ஆடி குவாட்ரோ காரில் சான்ரெமோ ராலியை வென்றார், பக்கத்தில் நோட்ஸ் படித்தவர் ஃபாப்ரிஸியா போன்ஸ் என்ற இத்தாலியப் பெண். அடுத்த வருடம் போர்ச்சுகல், கிரீஸ், பிரேசில் என்று மூன்று வெற்றி. பட்டத்துக்காக வால்ட்டர் ரோல் என்ற ஜெர்மானியரோடு மோதிக்கொண்டிருந்தபோது, ஐவரி கோஸ்ட் ராலி தொடங்கும் தறுவாயில் அப்பா இறந்த செய்தி வந்தது. ஆனாலும் ஓட்டினார். விபத்தில் ராலி போய், பட்டமும் போய், அந்த ஆண்டு இரண்டாமிடம்.

லோபின் கதையிலும் ஒரு பெண் வருகிறார். 2022 மான்டி கார்லோவில் 47 வயது லோப், ஃபோர்டு பூமாவில். கடைசிக்கு முந்தைய கட்டத்தில், முன்னணியில் இருந்த இன்னொரு பிரெஞ்சுக்காரர் செபாஸ்தியன் ஓஜியேயின் டயர் பஞ்சராக, 10.5 விநாடி வித்தியாசத்தில் இவருக்கு 80-வது வெற்றி. உலக ராலியை இந்த வயதில் அதுவரை யாரும் வென்றதில்லை. பக்கத்து சீட்டில் எலெனா இல்லை, இசபெல் கால்மீஷ் என்ற கணக்கு டீச்சர்!

என் தம்பிக்கு ராலிப் பைத்தியம். தமிழ்நாட்டிலிருந்து எப்படித் தொடங்குவது?
- கோவை வாசகி

கோவையிலிருந்து இந்தக் கேள்வியா? ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் ஊர் ஆயிற்றே! சென்னை டயர் கம்பெனியான எம்ஆர்எஃப் டீமுக்காக ஓட்டித்தான் டெல்லிக்காரர் கௌரவ் கில் 2013, 2016, 2017-ல் ஆசிய பசிபிக் ராலி பட்டம் வாங்கினார், 2019-ல் அர்ஜுனா விருதும் வந்தது.

தம்பியிடம் இப்போதே கார் வாங்கச் சொல்லாதீர்கள். வேகத்துக்கு அல்லாமல், குறித்த நேரத்துக்கு வந்து சேர்வதற்கு மார்க் போடும் டிஎஸ்டி ராலிகளில், சாதாரண வண்டியில், முதலில் பக்கத்து சீட்டில் வழி சொல்லும் நேவிகேட்டராக உட்காரட்டும். செலவு குறைவு, நோட்ஸ் பழகும், வளைவில் வயிறு கலக்குகிறதா என்றும் தெரிந்துவிடும். மூத்தோனும் பக்கத்து சீட்டில் தொடங்கியவர்தான். அப்புறம் தேசிய சம்மேளனமான எஃப்எம்எஸ்சிஐ-யின் லைசென்ஸ் விவரத்தைப் பாருங்கள். ஊர் ரோட்டில் பயிற்சி எடுக்கிறேன் என்று கிளம்பினால் மட்டும் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள்.