உக்ரைனின் துருகா லீகாவில் ஒரு சீசன்: அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது?

கேள்வி: உக்ரைன் கால்பந்தின் மூன்றாம் நிலை லீக்கில் ஒரு சீசன் எப்படி நடக்கிறது? பழைய பட்டியல்களில் சில அணிகள் பாதியில் காணாமல் போகின்றன, கோல் எண்ணிக்கைக்குப் பதிலாகக் கூட்டல் கழித்தல் குறிகள் இருக்கின்றன, ஜெயித்த அணியை அடுத்த வருடம் மேல் லீக்கில் தேடினால் கிடைப்பதில்லை. ஏன் இப்படி?

பதில்:

துருகா லீகாவில் முதலிடம் பிடிப்பதைவிடக் கடினமான வேலை, ஜூலையில் தொடங்கிய சீசனை ஜூனில் முடிப்பது. நீங்கள் கேட்ட மூன்றுக்கும் காரணம் இதுதான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மேலே பிரீமியர் லீக். அதற்கு அடுத்த நிலைக்குப் பெயர் பெர்ஷா லீகா, அதாவது 'முதல் லீக்'. அதற்கும் கீழே துருகா லீகா, 'இரண்டாம் லீக்'. ஆக, 'இரண்டாம் லீக்' என்று எழுதியிருந்தால் அது மூன்றாம் நிலை. உச்சரிப்பில் தமிழருக்குச் சிரமமே இல்லை. உக்ரைன் மொழியில் 'துருகா', 'லீகா' இரண்டின் கடைசியிலும் வரும் அந்த 'க' எழுத்து, 'அகம்' என்று சொல்லும்போது நடுவில் நாம் ஒலிக்கும் 'க' போல மென்மையாக வரும். கீழ் இரண்டு லீக்குகளையும் நடத்துவது 1996ல் உருவான தொழில்முறைக் கால்பந்து லீக் என்ற அமைப்பு. பிரீமியர் லீக் தனி அமைப்பு. துருகா லீகாவுக்குக் கீழே அமெச்சூர் போட்டிகள்தான். அங்கே கால்பந்து யாருக்கும் முழுநேரப் பிழைப்பு அல்ல.

சீசன் ஜூலையில் தொடங்கும். நவம்பர் பிற்பகுதியில் பனி வந்து நிறுத்திவிடும். மார்ச் இறுதிவாக்கில் மறுபடி தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடியும். ஆட்டங்களின் எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் மாறும், ஏனென்றால் அணிகளின் எண்ணிக்கை மாறும். அதனால் ஒரு பழைய பட்டியலைத் திறந்ததும் பார்க்க வேண்டியது அணிகள் எத்தனை, சுற்றுகள் எத்தனை என்பதைத்தான். 12 அணிகள் இரண்டு சுற்று ஆடினால் ஒரு அணிக்கு 22 ஆட்டம், மூன்று சுற்று என்றால் 33. அணிகள் அதிகம் இருந்தால் இரண்டு பிரிவாக உடைப்பார்கள். ஏ பிரிவில் மேற்கு, மத்தியப் பகுதி அணிகள், பி பிரிவில் கிழக்கு, தெற்கு அணிகள் என்று ஏறத்தாழப் பிரியும். இது முழுக்க பஸ் செலவுக் கணக்கு. லிவிவில் இருந்து கார்கிவுக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு ஒரு அணி போய்வர வேண்டுமானால் ஒரு இரவாவது ஓட்டலில் தங்க வேண்டும், ஆட்டக்காரர், பயிற்சியாளர், மருத்துவர், ஓட்டுநர் எல்லாருக்கும் சேர்த்து. இந்த நிலையில் டிக்கெட் வருமானம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. தொலைக்காட்சி உரிமைப் பணமும் கிளப்பைத் தாங்கும் அளவுக்கு வராது.

அப்படியானால் பணம் யார் தருகிறார்கள்? ஊராட்சி அல்லது மாநகராட்சி, இல்லாவிட்டால் ஒரு முதலாளி. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் முதலாளி என்றால் பெரும்பாலும் விவசாய நிறுவனம். வோலோச்சிஸ்க் நகரின் அணிக்கு அக்ரோபிஸ்னெஸ் என்றே பெயர். செர்காசி நகரின் எல்என்இசட், லெபெதின் விதை ஆலையின் பெயர்ச் சுருக்கம். பெத்ரோவே என்ற சிற்றூரின் இன்குலெட்ஸ் 2020ல் பிரீமியர் லீக் வரை ஏறியது. கோதுமையும் சூரியகாந்தியும் நல்ல விலைக்குப் போனால் அணி ஓடும். முதலாளிக்கு ஆர்வம் விட்டுப்போனால் அணியும் போகும். அரசுப் பணத்தில் ஓடும் அணிகளுக்கு வேறொரு ஆபத்து. பட்ஜெட் வருடம் டிசம்பர் 31ல் முடிகிறது, சீசன் ஜூனில் முடிகிறது. இலையுதிர்காலப் பாதிக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்து, வசந்தப் பாதிக்குப் புதிய ஒதுக்கீடு வராவிட்டால் குளிர்கால இடைவேளையிலேயே அணி கலைந்துவிடும். அணிகள் காணாமல் போவது பெரும்பாலும் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் என்பதற்கு இதுதான் காரணம்.

அணி விலகினால் பட்டியலில் என்ன ஆகும் என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். வழக்கமான விதி இது: தன் ஆட்டங்களில் பாதிக்கும் குறைவாக ஆடிய அணி விலகினால், அது ஆடிய எல்லா முடிவுகளும் அழிக்கப்படும். பாதியோ அதற்கு மேலோ ஆடியிருந்தால் நடந்த முடிவுகள் நிற்கும். மீதி ஆட்டங்களில் எதிரணிகளுக்கு ஆடாமலே மூன்று புள்ளி கிடைக்கும். அந்த ஆட்டங்களைத்தான் +:− என்று போடுவார்கள். கோல் எதுவும் கணக்கில் சேராது. அணி மைதானத்துக்கே வராவிட்டாலும் இதே குறிதான். தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கினால் மட்டும் 3:0 என்று கோலோடு தண்டனை வரும். எனவே கூட்டல் குறியைப் பார்த்தால் 'ஆள் வரவில்லை' என்றும், ஆட்டம் நடந்த பிறகு 3:0 என்று திருத்தியிருந்தால் 'காகிதம் சரியில்லை' என்றும் படித்துக்கொள்ளலாம்.

இந்த விதி எவ்வளவு கூர்மையானது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 33 ஆட்டச் சீசனில் பாதி என்பது 16.5. குளிர்கால இடைவேளைக்குள் 16 ஆட்டம் ஆடிய அணி விலகினால் அது இருந்த சுவடே இருக்காது. 17 ஆடியிருந்தால் எல்லாம் நிற்கும். ஒரே ஒரு ஆட்டம்தான் வித்தியாசம். அந்த அணியை வென்றிருந்தவர்கள் முதல் வகையில் மூன்று புள்ளியை இழப்பார்கள்; அதனிடம் தோற்றவர்களுக்கு இழப்பே இல்லை, தோல்வி தானாகத் துடைபடும். முன்னணியில் இருந்த அணி பிப்ரவரியில் ஒரு ஆட்டமும் ஆடாமல் இரண்டாம் இடத்துக்கு இறங்குவது இப்படித்தான். பழைய பட்டியல்களில் அணிகளின் புள்ளிகள் டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையே ஒத்துப்போகாவிட்டால், பிழை என்று முடிவுகட்டும் முன் அடிக்குறிப்பைப் பாருங்கள்.

எல்லாக் கோளாறுகளையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் 2017–18 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருடம் லீக் இரண்டு பிரிவாக நடந்தது. மூன்றாம் நிலையின் பி பிரிவில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? சுதந்திர உக்ரைனின் முதல் சாம்பியன் தாவ்ரியா சிம்ஃபெரோபோல். 1992 இறுதியாட்டத்தில் டைனமோ கீவை 1:0 என்று வென்ற அதே பெயர். 2014ல் சிம்ஃபெரோபோல் இருக்கும் கிரைமியாவை ரஷ்யா கைப்பற்றியபின் பழைய கிளப் சிதறியது. 2016ல் கெர்சோன் மாகாணத்தின் பெரிஸ்லாவ் என்ற சிறு நகரில் மறுபடி தொடங்கப்பட்டது. அடுத்தது த்னிப்ரோ. 2015 மே 27 அன்று வார்சாவில் யூரோபா லீக் இறுதியில் ஸ்பெயினின் செவியாவிடம் 3:2 என்று தோற்ற அணி, இரண்டே வருடத்தில் மூன்றாம் நிலையில். மூன்றாவது, அதே ஊரில் புதிதாகப் பிறந்த எஸ்சி த்னிப்ரோ-1. நான்காவது, கார்கிவின் மெட்டலிஸ்ட் 1925. பழைய மெட்டலிஸ்ட் 2012–13ல் நாட்டின் இரண்டாம் இடம் பிடித்து, 2016ல் உரிமம் கிடைக்காமல் பிரீமியர் லீக்கில் இருந்து போனது. அதன் இடத்தை நிரப்ப எழுந்த புதிய கிளப் இது. இவர்களோடு ஒரே பட்டியலில் கெர்சோன் மாகாணத்துச் சிற்றூரான ஹோர்னோஸ்தாயிவ்காவின் மிர்.

த்னிப்ரோ ஏன் அங்கே போய் விழுந்தது என்பது இந்த லீக்கின் இன்னொரு விதியை விளக்கும். முன்னாள் பயிற்சியாளர் குழுவுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தர வேண்டிய பாக்கி தீரவில்லை. ஃபிஃபா முதலில் புள்ளிகளைக் கழிக்கச் சொல்லும், புதிய ஆட்டக்காரரைப் பதிவுசெய்யத் தடை போடும், அதற்கும் பணம் வராவிட்டால் கீழே தள்ளச் சொல்லும். இந்த மூன்றுமே த்னிப்ரோவுக்கு நடந்தன. பதிவுத் தடை இருந்ததால் தன் இளைஞர் அணிப் பையன்களை வைத்தே ஆட வேண்டியிருந்தது. 2018ல் தொழில்முறை லீக்குக்கும் வெளியே, அமெச்சூர் நிலைக்குப் போனது. எனவே புள்ளிப் பட்டியலில் வெற்றி, டிரா ஆகியவற்றைப் பெருக்கிக் கூட்டியும் மொத்தம் குறைவாக வந்தால் அங்கே புள்ளிக் கழிவு இருக்கிறது. மூன்றை வெற்றியால் பெருக்கி டிராவைக் கூட்டுங்கள், வித்தியாசம்தான் தண்டனை.

கடனுள்ள பெயரை விட்டுவிட்டுப் புதுப் பெயரில் கிளப் தொடங்குவது ஏன் இவ்வளவு பரவலானது என்பதும் இதிலிருந்து புரியும். சட்டப்படி வாரிசு இல்லை என்றால் கடனும் இல்லை. விலை என்னவென்றால் கீழிருந்து ஏற வேண்டும். த்னிப்ரோ-1ம் மெட்டலிஸ்ட் 1925ம் அந்தச் சீசனிலேயே பெர்ஷா லீகாவுக்கு ஏறின. த்னிப்ரோ-1 உக்ரைன் கோப்பையில் அரையிறுதி வரை போனது, மூன்றாம் நிலை அணியாக இருந்துகொண்டே. பிறகு 2022–23ல் பிரீமியர் லீக்கில் இரண்டாம் இடம். 2024 கோடையில் அதுவும் பிரீமியர் லீக்கில் இருந்து விலகியது.

ஏறுவது பற்றிய உங்கள் மூன்றாவது கேள்விக்கு அதே 2018 கோடையில் இரண்டு பதில்கள் உள்ளன. போல்தாவா கிளப் பிரீமியர் லீக்குக்குத் தகுதி பெற்ற சில நாட்களில் கலைக்கப்பட்டது. எதிர்த் திசையில், துருகா லீகாவின் ஏ பிரிவில் ஆடிய லிவிவ் கிளப், பிரீமியர் லீக்கில் இருந்த ரிவ்னே நகரின் வெரெஸ் கிளப்போடு இடத்தை மாற்றிக்கொண்டு ஒரே தாவலில் இரண்டு படி ஏறியது. மைதானத்தில் ஒரு பிளே-ஆஃப் கூட இல்லை. மேலே போக மைதானம், பணத்துக்கான உத்தரவாதம், இளைஞர் அணி ஆகியவற்றுக்குச் சான்று காட்ட வேண்டும். ஜெயித்தவனிடம் காகிதம் இல்லை, காகிதம் உள்ளவன் ஜெயிக்கவில்லை என்ற நிலை அடிக்கடி வரும். இதோடு, பெரிய கிளப்புகளின் '-2' அணிகள் தங்கள் முதல் அணி இருக்கும் லீக்குக்கு ஏற முடியாது. அவை முன்னணியில் முடித்தால் அடுத்த இடத்தில் இருப்பவருக்கு வாய்ப்பு போகும்.

பந்தயக்காரர்களுக்கு விலைபோன ஆட்டங்களைச் சொல்லாமல் இந்த லீக்கைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. 2018 மே மாதம் உக்ரைன் உள்துறை அமைச்சகம் 35 கிளப்புகளையும் 320 பேரையும் தொடர்புபடுத்தி ஒரு பெரிய விசாரணையை அறிவித்தது. கீழ்நிலை லீக் ஏன் இதற்கு வாகு? ஆட்டக்காரருக்குச் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. மைதானத்தில் கேமரா ஒன்றோ இரண்டோ. ஆனால் பந்தயச் சந்தையில் அந்த ஆட்டமும் பட்டியலில் இருக்கிறது. யார் ஜெயிப்பார் என்பதை விலைபேச வேண்டியதில்லை. மொத்தக் கோல் எத்தனை என்பதை முடிவுசெய்தால் போதும், அதற்கு ஒரு கோல்கீப்பரும் ஒரு தடுப்பாட்டக்காரரும் போதும். கடைசி 15 நிமிடத்தில் காரணமில்லாமல் கோல்கள் குவிந்த பழைய ஆட்டங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. களைத்த இளைஞர் அணிகளும் கடைசியில்தான் உடையும்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா முழு அளவில் படையெடுத்த பிறகு எல்லாம் மாறியது. 2021–22 சீசன் நின்ற இடத்திலேயே முடிக்கப்பட்டது; வசந்தப் பாதி நடக்கவே இல்லை. அதனால் அந்த வருடப் பட்டியலை முழுச் சீசனோடு ஒப்பிடக்கூடாது. தெற்கின் பல அணிகளுக்கு ஊரே இல்லாமல் போனது. ஹோர்னோஸ்தாயிவ்காவும் நோவா ககோவ்காவும் ஆக்கிரமிப்பின் கீழ் போயின. அடுத்த சீசனில் துருகா லீகா ஒரே பிரிவாகச் சுருங்கியது.

இப்போது ஆட்ட நாளின் முதல் நிபந்தனை பதுங்குமிடம். வான்தாக்குதல் சைரன் ஒலித்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார், எல்லாரும் உள்ளே போவார்கள், அபாயம் நீங்கிய அறிவிப்பு வந்ததும் சிறிது உடற்சூடு செய்துவிட்டு நின்ற நிமிடத்திலிருந்து தொடர்வார்கள். பிரீமியர் லீக்கில் 2022 ஆகஸ்ட் 24 அன்று லிவிவில் நடந்த ருக் – மெட்டலிஸ்ட் (பழைய பெயரில் பின்னர் மறுபடி எழுந்த கிளப்) ஆட்டம் நான்கு முறை நின்று, தொடங்கியதிலிருந்து முடிய 4 மணி 27 நிமிடம் ஆனது. துருகா லீகா மைதானங்கள் பலவற்றில் விளக்குக் கம்பங்கள் கிடையாது. நவம்பரில் அங்கே மாலை நான்கு, நாலரைக்கே இருட்டிவிடும். மதியம் ஒரு மணிக்குத் தொடங்கினால் ஆட்டமும் இடைவேளையும் சேர்ந்து மூன்று மணிக்கு முடிய வேண்டும். சைரனுக்கென்று மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அதைத் தாண்டினால் மீதி நிமிடங்களை வேறொரு நாளில் ஆட வேண்டும், வந்த அணி மறுபடி பஸ் பிடித்து வர வேண்டும். இலையுதிர்கால அட்டவணையில் ஆட்டங்கள் 12, 13 மணிக்கே தொடங்குவதாகப் போட்டிருப்பது அதனால்தான்.