ஜெபக்குறிப்பாக மாறிய சண்டை

அன்புள்ள ஐயா,

நானும் இன்னொரு சகோதரரும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து கிராம ஊழியம் செய்கிறோம். பாதியில் எங்களை விட்டுப்போன தம்பி ஒருவர் இப்போது திரும்பிவர விரும்புகிறார். சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார் அந்தச் சகோதரர். கூடாது என்கிறேன் நான். பேச்சு முற்றிவிட்டது. பாதியில் விட்டுப்போன மாற்குவை மறுபடி சேர்ப்பதா என்ற சண்டையில் அப்போஸ்தலர் பவுலும் பர்னபாவும் பிரிந்ததால் ஊழியம் பெருகத்தானே செய்தது? நாங்களும் பிரிந்துவிட்டால் என்ன? விசுவாசிகளிடம் இதை ஜெபக்குறிப்பாகவும் கொடுத்திருக்கிறேன்.

ஒரு சகோதரன்

அன்புள்ள சகோதரருக்கு,

பிரிந்ததால்தான் பெருகியது என்று அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா எங்கும் எழுதவில்லை. கடுங்கோபம் மூண்டது, பிரிந்தார்கள், அவ்வளவுதான். நியாயம் யார் பக்கம் என்றும் அவர் சொல்லவில்லை. பம்பிலியாவில் விட்டுப்போன மாற்குவை நம்பி மறுபடி பயணம் புறப்படப் பவுல் தயங்கியது நியாயம். எருசலேமில் சீஷர்கள் பவுலைக் கண்டே பயந்தபோது அவரை அப்போஸ்தலர்கள் முன் அழைத்துக்கொண்டு போய் நிறுத்தியவர் பர்னபா. மாற்குவுக்கும் அதையே செய்ய நினைத்ததும் நியாயம். (மாற்கு அவருக்கு உறவுக்காரர் வேறு. பேச்சு சூடேற அதுவும் ஒரு காரணமோ என்னவோ.)

நீங்கள் விட்டுவிட்டது பிந்திய கதையை. கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் தன்னோடு பர்னபாவையும் சேர்த்தே பேசுகிறார். சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவை அழைத்துவா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமானவன் என்கிறார். பர்னபாவுக்கு எதிராகச் சபைகளில் ஆள் சேர்த்ததாக ஒரு வரிகூட இல்லை.

ஆள் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் திருநெல்வேலியே சாட்சி. 1820 முதல் பாளையங்கோட்டையில் உழைத்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் ஐயருக்கும், அவரை அனுப்பிய இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷனரி சங்கமான சி.எம்.எஸ்.ஸுக்கும் குருப்பட்டம், சபை ஒழுங்கு பற்றிய தகராறு முற்றி, 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. அவர் ஊரைவிட்டுப் போய்த் திரும்பியும் வந்தார். உபதேசியார்கள் இரண்டு அணியானார்கள், சபைகள் பிளந்தன. 1838-இல் அவர் இறந்த பிறகே அந்தப் பிளவு ஆறத் தொடங்கியது. இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுங்குமுறையைப் பற்றி அந்தச் சபைகளில் இருந்த பனையேறிகளுக்கு என்ன வழக்கு இருந்திருக்கும்?

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஜெபக்குறிப்புதான். ‘சகோதரனுடைய மனக்கண் திறக்க ஜெபியுங்கள்’ என்று உபவாசக் கூடுகையில் சொல்லிவிட்டால், ஆமென் சொன்ன அத்தனை பேரும் உங்கள் கட்சி. பிறகு அவர் எந்த முகத்தோடு அங்கே பிரசங்கம் செய்வார்? முதலில் அதைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பிறகும் ஒத்துப்போகவில்லையென்றால் கிராமங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். தம்பி அவரோடு போகட்டும். ஓராண்டு கழித்து, அந்தத் தம்பி எப்படி இருக்கிறார் என்று அவரிடமே கேளுங்கள்.