கிரீஸ்: மடிப்பா, கசங்கலா?

கேள்வி: ‘கிரீஸ்’ (crease) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் மடிப்பு என்றும் இருக்கிறது, கசங்கல் என்றும் இருக்கிறது. எது சரி?

இரண்டுமே சரி. துணியிலோ தாளிலோ மடித்ததாலோ அழுந்தியதாலோ விழுந்து நிற்கிற கோடுதான் கிரீஸ். இஸ்திரி போடுபவர் பேன்ட்டை எடுக்கும்போது கவனித்துப் பாருங்கள். கால் தையல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, தண்ணீர் தெளித்து, பெட்டியை அழுத்தி இழுப்பார். முன்பக்கம் கத்தி மாதிரி ஒரு கோடு விழும். அது கிரீஸ். அதே பேன்ட்டோடு பஸ்ஸில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் முழங்காலுக்குப் பின்னால் விழுகிற கோடுகளும் கிரீஸ்தான். நாம் வேண்டி விழவைத்ததை மடிப்பு என்கிறோம். ‘மடிப்புக் கலையாத சட்டை’ என்று பாராட்டக்கூடச் செய்கிறோம். வேண்டாமல் விழுந்தது கசங்கல். ஆங்கிலம் இந்த இரண்டையும் பிரிப்பதில்லை, அதனால் மொழிபெயர்க்கும்போது இடம் பார்த்துத்தான் சொல் போட வேண்டும்.

கேள்வி: ‘மை ஷர்ட் கிரீஸ்டு’, ‘ஐ கிரீஸ்டு மை ஷர்ட்’ இரண்டில் எது பிழை?

பிழையே இல்லை. சட்டை கசங்கியது, சட்டையைக் கசக்கினேன், இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைதான். நமக்கு ‘ங்’ இருந்த இடத்தில் ‘க்’ வந்தால் போதும், செய்தவர் உள்ளே வந்துவிடுவார்: கசங்கு, கசக்கு, சுருங்கு, சுருக்கு, மடங்கு, மடக்கு. எனக்குத் தமிழில் மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

கேள்வி: ரிங்கிள், கிரம்பிள், ப்ளீட்?

ரிங்கிள் சின்னச் சின்னச் சுருக்கம். முகத்தில் விழும் திரைக்கும் அதுவே. தாளைக் கையில் உருட்டிக் கசக்கி எறிந்தால் கிரம்பிள். ப்ளீட் வேறு சங்கதி: சேலைக் கொசுவம்.

கேள்வி: கிரிக்கெட் கிரீஸும் இதே சொல்லா?

இதே சொல்தான், கோடு என்ற பொருளில். முற்காலத்தில் தரையைக் கீறியே அந்தக் கோட்டைப் போட்டார்கள். சுண்ணாம்புக் கோடு பிறகு வந்தது. ஸ்டம்புக்கு 4 அடி முன்னால் இருப்பது பாப்பிங் கிரீஸ்.

கேள்வி: இன்கிரீஸ், டிகிரீஸ் இரண்டும் இதிலிருந்து வந்தவையா?

இல்லை. அவை ‘வளர்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தவை. எழுத்திலும் ஒலியிலும் மட்டும்தான் ஒற்றுமை.

கேள்வி: தமிழில் எழுதினால் மசகு கிரீஸோடு குழம்புகிறதே?

குழம்பத்தான் செய்யும். போதாக்குறைக்கு நாட்டின் பெயரும் கிரீஸ். உச்சரிக்கும்போது துணிக் கோட்டுக்கு ‘கல்’ என்பதில் வருகிற வல்லொலி, மற்ற இரண்டுக்கும் ‘கங்கை’ என்பதன் முதலெழுத்தை நாம் பேச்சில் சொல்கிற மென்மையான ஒலி. எழுத்தில் வினையை வைத்துக் காட்டுங்கள்: சட்டையில் மசகு ‘படும்’, கோடு ‘விழும்’. அதற்கும் மேல் சந்தேகம் வருமென்றால் மடிப்பு என்றோ கசங்கல் என்றோ தமிழிலேயே எழுதிவிடலாம்.