18 முடிந்தது, லைசென்ஸும் வந்தது: பைக் சாவியைக் கொடுக்கலாமா?

கேள்வி: மகன் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிவிட்டான். சிறுசேரியில் கல்லூரி, பைக்கில்தான் போவேன் என்கிறான். புதிதாக ஓட்டுபவர்களுக்கு வெளிநாடுகளில் தனிக் கட்டுப்பாடு உண்டாமே? இங்கும் அப்படிச் சட்டம் வந்தால் விபத்து குறையுமா? அதுவரை நாங்கள் என்ன செய்வது? (வாசகி, வேளச்சேரி)

பதில்: குறையும், ஆனால் எல்லாக் கடுமையும் பலன் தராது. அபராதத்தை ஏற்றிக்கொண்டே போவது ஒரு வழி. கை பழகும் வரை இரவு, நண்பர் கூட்டம், மது ஆகிய மூன்றிலிருந்தும் புதியவரை விலக்கி வைப்பது இன்னொரு வழி. உயிர்களைக் காப்பாற்றியது இந்த இரண்டாவது வழிதான்.

நியூசிலாந்து இதை 1987-இல் தொடங்கியது. அங்கே முதலில் அனுபவமுள்ள ஒருவரின் துணையோடுதான் ஓட்ட வேண்டும். அடுத்த கட்டத்தில் தனியாக ஓட்டலாம். ஆனால் துணையில்லாமல் இரவு 10 முதல் காலை 5 வரை ஓட்டக் கூடாது, நண்பர்களை ஏற்றவும் கூடாது. அதையும் தாண்டினால்தான் முழு லைசென்ஸ். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்கு உட்பட்டவர் துணையோடு 120 மணி நேரம் ஓட்டிக் கணக்குக் காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில்.

அமெரிக்காவில் இம்முறையால் 16 வயதினரின் விபத்துகள் தெளிவாகக் குறைந்தன. ஆனால் 2011-இல் வந்த ஓர் ஆய்வில், 18 வயதினரின் உயிரிழப்பு விபத்துகள் கூடியிருந்தன. அங்கே பல மாநிலங்களில் 18 ஆனதும் கட்டுப்பாடு விலகிவிடும். காத்திருந்து, பழகாமலே முழு லைசென்ஸ் எடுத்தவர்கள் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். நம்மைப் போல 18-இல் தொடங்கும் ஊர் இதைக் கவனிக்க வேண்டும். வயது ஏறினால் மட்டும் அனுபவம் வந்துவிடாது.

நம் சட்டம் வாசலில்தான் கடுமை காட்டுகிறது. 2019 திருத்தத்தின்படி, 18 ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. வாசலைத் தாண்டிவிட்டால் எதுவுமில்லை. எல்.எல்.ஆர் எடுத்து 30 நாள் கழித்து டெஸ்டில் தேறியவர், அன்றிரவே நண்பரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆரில் போகலாம். மது வரம்பும் (100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.) முப்பது வருடம் ஓட்டியவருக்கும் அவருக்கும் ஒன்றே. ஒன்றை மறந்துவிடக் கூடாது: வெளிநாட்டுப் பலன்கள் பெரும்பாலும் காரில் கிடைத்தவை. பைக்கில் போகிறவரைச் சுற்றித் தகடு கிடையாது என்பதால் இங்கே கட்டுப்பாடு இன்னும் அவசியம் என்பதே எங்கள் கருத்து.

அந்தச் சட்டம் வரும் வரை அதை வீட்டிலேயே போடுங்கள், வண்டி வாங்கும் முன்பே பேசி. முதல் மூன்று மாதம் பின்னால் யாரும் உட்காரக் கூடாது, இரவு 9-க்கு மேல் வண்டி எடுக்கக் கூடாது. பின்னால் 60 கிலோ ஏறினாலே வளைவிலும் பிரேக்கிலும் வண்டியின் போக்கு மாறும். உட்கார்ந்திருப்பது நண்பனென்றால் வேகமும் கூடும். 125 சி.சி.க்கு மேல் வேண்டாம்.

கல்லூரி வழியை ஒரே நாளில் பழக்க வேண்டாம். ஞாயிறு காலை 6 மணிக்கு முதலில் தரமணி வரை, பிறகு துரைப்பாக்கம், அடுத்து சோழிங்கநல்லூர், நாவலூர். பின்னால் இன்னொரு வண்டியில் பெரியவர் ஒருவர் போகட்டும். ஒவ்வொரு துண்டும் நாலைந்து முறை பழகிய பிறகே அடுத்தது. அதற்கும் பிறகுதான் ஆபீஸ் நேர நெரிசல்.

டெஸ்டில் எட்டுப் போட்டதில் பிரேக் பழகியிருக்காது. காலி மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன்பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல் அழுத்தம் கூட்டி, இருபது முறை நிறுத்தச் சொல்லுங்கள். அவசரத்தில் புதியவர்கள் பின்பிரேக்கை மட்டும் மிதிப்பார்கள். அப்போது பாரம் முன்னால் சாய, லேசான பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். மணலில் முன்பிரேக்கை இறுக்கினாலும் விழுவார்கள். ஏ.பி.எஸ். என்னும் பிரேக் அமைப்பு, சக்கரம் பூட்டாமல் காக்கும். மணலில் நிற்கும் தூரத்தைக் குறைத்துவிடாது.

சென்னையில் இருசக்கர வாகனத்துக்கு வரம்பு மணிக்கு 50 கி.மீ. அந்த வேகத்தில் ஒன்றரை நொடி சுதாரிப்பதற்குள் 21 மீட்டர் ஓடியிருக்கும். காய்ந்த ரோட்டில் நிற்க மொத்தம் 35 மீட்டராவது வேண்டும். 60-இல் அது 45. நின்றிருக்கும் பஸ்ஸுக்கு இடப்பக்கம் நுழையவே கூடாது, அங்கேதான் ஆள் இறங்குவார்கள். வலப்பக்கம் தாண்டும்போதும் 20-க்குக் குறைத்து, பஸ்ஸின் முன்னாலிருந்து யாராவது ஓடி வருவார்கள் என்றே எதிர்பார்க்க வேண்டும்.

ஓட்டிய நேரத்தை ஒரு நோட்டில் எழுதட்டும். மூன்று மாதம் முடிந்தும் 60 மணி நேரம் சேரவில்லை என்றால் கட்டுப்பாடு நீளட்டும். மழையில் ஓட்டிய நேரத்தைத் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். முதல் மழையில் வெள்ளைக் கோடு வழுக்கும், தேங்கிய நீர் பள்ளத்தை மறைக்கும். மயிரிழையில் தப்பியதையும் மறைக்காமல் எழுத வேண்டும். எழுதியதற்காகத் திட்டாதீர்கள், அந்த வழியை மட்டும் மறுபடி ஞாயிறு காலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.