வேரோடு விழுந்த பால்பல்: கோபி அம்மணிக்குப் பதில்

வணக்கம்ங்க அம்மணி. இரண்டரை வயதுப் பையனுக்குக் கீழ் முன்பற்கள் இரண்டும் வலியே இல்லாமல் வேரோடு விழுந்துவிட்டன, போர் தண்ணீர்தான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். தண்ணீர் இல்லைங்க. போர் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு உப்பு பல்லில் கறை போடும், இப்படிக் கழற்றாது. பால்பல் 6 வயதுவாக்கில், வேர் கரைந்துதான் விழ வேண்டும்.

5 வயதுக்கு முன் வேரோடு விழுந்தால் ஹைப்போபாஸ்பட்டேசியா என்ற மரபுக் கோளாறா என்று பார்த்தே ஆக வேண்டும். அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி குறைவதால் எலும்பு சரியாக இறுகாது. பல்லைத் தாடையோடு பிடித்து வைக்கும் சிமெண்டம் படலமும் ஒழுங்காக உருவாகாது.

ரத்தத்தில் அந்த நொதியை அளக்கச் சொல்லுங்கள். இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். என் பேத்திக்கு 62 வந்தது. லேபில் பெரியவர்களுக்கான அளவை அச்சடித்து நார்மல் என்று கொடுத்துவிட்டார்கள். வளரும் குழந்தைக்கு 100க்கு மேலேயே இருக்க வேண்டும். ஒரு வருடம் வீணாகப் போனது, இன்னும் ஆறவில்லை. வயதுக்கேற்ற அளவோடு ஒப்பிடச் சொல்லிக் கேளுங்கள். குறைவாக இருந்தால் வைட்டமின் பி6 பார்ப்பார்கள். இந்த நோயில் அது கூடியிருக்கும்.

அதுவரை கால்சியம், வைட்டமின் டி சிரப் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். சில குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே கூடியிருக்கும்.

அத்தை மகனைக் கட்டியதாலா என்று கேட்டீர்கள். ஒரு பெற்றோரிடமிருந்து மட்டுமே வருவதும் உண்டு, சோதிக்காமல் உங்கள் மேல் பழி ஏற்காதீர்கள். பல்லை மட்டும் பாதிக்கும் லேசான வகையும் இருக்கிறது. விழுந்த பற்களைச் சின்ன டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, கோவையில் குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். பையன் நடப்பதையும் வீடியோ எடுத்துப் போங்கள்.