இண்டர்ன்ஷிப் என்றால் என்ன? அறிவியல், சுற்றுச்சூழல் படிக்கிறவர்களுக்கு அது எதற்கு?

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இளங்கலை படிக்கும்போதே சில மாதம் ஓர் ஆய்வுக்கூடத்திலோ ஆலையிலோ காட்டிலோ உண்மையான வேலையைச் செய்து பழகுவதுதான் இண்டர்ன்ஷிப், மலாயில் லத்திஹான் இண்டஸ்ட்ரி.

ஏன் தேவை? செம்பனை ஆலைக் கழிவுநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கின்றன என்று நம் மலேசியாவில் 30 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்துப் பார்ப்பார்கள். புத்தகத்தில் இது ஒரே வரி. ஆனால் போத்தலை மூடும்போது உள்ளே ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலும் கணக்கு தப்பாகிவிடும், அதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். பால்மரம் வெட்டுவதும், அதாவது ரப்பர் மரத்தில் பட்டையைச் சீவிப் பால் எடுப்பதும், அப்படித்தானே? பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது என்று பாட்டி வாயால் சொல்லிவிடலாம், மரத்தில் காயம் படாமல் சீவ நாமே கத்தி பிடித்துப் பழக வேண்டும்.

கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையம், பாங்கியில் உள்ள செம்பனை எண்ணெய் வாரியம் இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். அப்புறம், கடைசி நேரம்வரை காத்திருக்காதீர்கள்.

கோலாலம்பூருக்குப் போனால்தான் இண்டர்ன்ஷிப் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை; பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் வீட்டுக்குப் பக்கத்து ஆலையின் ஆய்வுக்கூடத்திலேயே செய்யலாம்.