நாப்கின் மெஷின் வாங்கும் முன்

கேள்வி: எங்கள் பெண்கள் குழுவுக்கு ஒரு நன்கொடை கிடைத்திருக்கிறது. சுற்றியுள்ள கிராமங்களில் கட்டுப்படியாகும் விலையில் நாப்கின் கிடைப்பதில்லை. மெஷின் வாங்கி நாங்களே தயாரிக்கலாமா, மொத்தமாக வாங்கி விற்கலாமா?

பதில்: முதலில் வாங்கி விற்றுப் பாருங்கள். மெஷின் அப்புறம்.

மெஷினுக்குச் செலவு ஒரு முறைதான். மூலப்பொருளுக்கோ மாதாமாதம் பணம் வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் நடுப்பகுதிக்குப் பெரும்பாலும் ஊசியிலை மரங்களின் கூழைத்தான் பயன்படுத்துகிறார்கள். பல வளரும் நாடுகள் அதை இறக்குமதி செய்கின்றன. மேலே நெய்யாத் துணி, அடியில் கசியாத பிளாஸ்டிக் தாள், பசை என்று மற்றவையும் வெளியிலிருந்து வர வேண்டியிருக்கலாம். பெரிய கம்பெனி இவற்றை டன் கணக்கில் வாங்கும். நீங்கள் சில மூட்டைகள் கேட்டால் இடைத்தரகர் சொன்னதுதான் விலை. உள்ளூரில் செய்தாலே மலிவாக இருக்கும் என்று நம்பி இறங்கிவிடாதீர்கள். ருவாண்டாவில் வாழைநாரை உறிஞ்சுபொருளாக்கும் முயற்சி நடந்ததே இந்தச் சிக்கலால்தான்.

வரியையும் விசாரியுங்கள். நாப்கினுக்கு வரிவிலக்கு இருந்தும், மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாத நாடுகள் உண்டு. அங்கே உள்ளூரில் தயாரிப்பவருக்குத்தான் சுமை. வரியை நீக்கினால் கடை விலை தானாக இறங்கும் என்றும் சொல்ல முடியாது. தான்சானியா 2018இல் நீக்கிய வரியை 2019இல் திரும்பக் கொண்டுவந்தது. விலை குறையவில்லை என்பதே அரசு சொன்ன காரணம்.

சரி, வாங்கி விற்பதை எப்படிச் செய்வது? தினக்கூலிக்குப் போகும் பெண்ணால் ஒரு முழு பாக்கெட்டுக்கான பணத்தை ஒரே நாளில் எடுத்து வைக்க முடியாது. என்னைக் கேட்டால், விலையைவிட இதுதான் பெரிய தடை. அதனால் தனித்தனி உறையில் வரும் நாப்கின்களை மொத்தமாக வாங்கி, ஒன்று இரண்டாகக் கொடுங்கள். ஒவ்வொரு ஊரிலும் வீட்டிலிருந்தே விற்க ஒரு பெண் இருக்கட்டும். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கடையில் கேட்கக் கூசுபவர்கள் அவரிடம் தயங்காமல் வருவார்கள். அவருக்கு நியாயமான கமிஷன் கொடுங்கள். சேவை என்று சொல்லிச் சும்மா உழைக்க வைத்தால் அதிக நாள் நீடிக்காது.

தயாரித்தே ஆக வேண்டும் என்றால், துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினில் தொடங்குங்கள். தையல் மெஷினும் தைக்கத் தெரிந்தவர்களும் போதும். உகாண்டாவில் இதைப் பெரிய அளவிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். நன்றாகத் தைத்தது ஓராண்டு வரை தாங்கும். ஆனால் துவைக்கத் தண்ணீரும் சோப்பும், வெயிலில் காயப்போட இடமும் வேண்டும். வெட்கப்பட்டு வேறு துணிக்கு அடியில் மறைத்து உலர்த்தினால் ஈரம் போகாது, தோலில் எரிச்சலும் தொற்றும் வரலாம். அந்த வசதி வீட்டில் உண்டா என்று பெண்களிடமே கேட்டுவிட்டுத் தைக்க ஆரம்பியுங்கள். மருத்துவத் தர சிலிகோனில் செய்த மாதவிடாய் கப், அதாவது உடலுக்குள் வைத்து இரத்தத்தைச் சேகரிக்கும் சிறு கிண்ணம், பல ஆண்டுகள் உழைக்கும். விரும்புகிறவர்களுக்கு அதையும் வைத்திருங்கள், யாரையும் வற்புறுத்த வேண்டாம்.

பயன்படுத்திய நாப்கின் எங்கே போகும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கழிவறைக் குழியில் போட்டால் குழி சீக்கிரம் நிறைந்துவிடும்.

ஆறு மாதம் விற்பனைக் கணக்கு எழுதுங்கள். வாங்கியவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்களா என்று பாருங்கள். வந்தால், இரண்டு வியாபாரிகளிடம் மூலப்பொருள் விலையை எழுத்தில் வாங்குங்கள். மின்சாரம், கூலி, தரப் பரிசோதனைக் கட்டணம் எல்லாம் சேர்த்தும் உங்கள் நாப்கின் நீங்கள் இப்போது வாங்கும் விலைக்குள் அடங்கினால், மெஷின் வாங்கலாம்.